ஓமலூர் குட்டையில் கட்லா வளராதது ஏன்?

வணக்கம். 10 சென்ட் குட்டையில் விட்ட கட்லா, ரோகு மீன்கள் எட்டு மாதமாகியும் 200 கிராம் தாண்டவில்லை, வலையில் விரலளவு ஜிலேபி மீன்தான் (திலாப்பியா) நிறைய வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவிட்டைக் கூட்டிப் போடாதீர்கள், அதையும் ஜிலேபிதான் தின்னும்.

கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். பந்தி வேறு வேறு என்பதால் மூன்றும் ஒரே குட்டையில் ஒத்துப்போகும். ஜிலேபி மூன்று பந்தியிலும் உட்காரும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும், அதனால் சேதம் குறைவு. பெரியதை மட்டும் அரித்தெடுத்தால் மிச்சத் தீனியில் குஞ்சுகள் இன்னும் வேகமாகப் பெருகும். ஜிலேபியைத் தின்ன விரால் விடலாம் என்பார்கள். அது கட்லாக் குஞ்சையும் சேர்த்தே விழுங்கும்.

ஜிலேபியை அடியோடு ஒழிக்க, கோடையில் நீரை இறைத்து, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். சேற்றுக்குழி ஒன்று மிஞ்சினாலும் போச்சு. முழுதாக வற்றாவிட்டால், மிச்ச மீன் சாக, இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பரவலாகத் தெளியுங்கள்: ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சென்ட்டுக்கு 10 கிலோ. அந்த நீர் ஓடைக்குப் போகவே கூடாது. மூன்று வாரம் கழித்து, குட்டை முழுவதற்கும் சேர்த்து, 10 சென்டிமீட்டர் குஞ்சாக கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60 விடுங்கள். நீர் வரும் குழாயில் கொசுவலை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், ஜிலேபிக் குஞ்சு அந்த வழியாகத்தான் திரும்ப வரும்.