சியாபூ போகலாமா?

அன்புள்ள ஐயா,

சீனாவின் ஃபூஜியான் மாநிலக் கடற்கரையில் இருக்கும் சியாபூவுக்கு ஒரு புகைப்படக் குழுவோடு போக நினைக்கிறேன். எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி, மே மாதக் கடைசியில் ஒரு வாரம். அங்கே படங்களில் வரும் மீனவர்களெல்லாம் காசு வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் என்கிறார் நண்பர். எட்டுப் பேரும் ஒரே படத்தோடு திரும்பி வர இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சியாபூவில் உள்ள யாங்ஜியாசி என்ற இடத்தின் ஆலமரங்களுக்கடியில் எருமையோடு நடக்கும் விவசாயி, கேமராக்களுக்காகவே வருகிறார். ஒளிக்கற்றை தெரிவதற்காகப் புகையும் போடுவார்கள். விடியுமுன் வந்து நடக்கிறார், கூலி வாங்குகிறார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தை அன்றாட வாழ்க்கை என்று சொல்லிப் போட்டிக்கு அனுப்புகிறார்களே, அதுதான் பொய். எடுங்கள். ஏற்பாடு செய்த காட்சி என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

ஆனாலும் போங்கள் என்றே சொல்வேன். சியாபூவில் யாரும் ஏற்பாடு செய்ய முடியாதது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். நாளுக்கு இருமுறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் விடியலில் சேற்றில் வரிவரியாகக் கோலம் தெரிந்த பெய்ச்சி கிராமத்துக் கரை, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் நீருக்கடியில் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வெகுதூரம் உள்வாங்கும். இதையெல்லாம் கணக்கிட்டு, இன்று எந்தக் கரை, எத்தனை மணிக்கு என்று முடிவெடுக்கும் ஆளுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஆகவே முன்பணம் கட்டுமுன், அந்த வாரத்தில் நீர் வற்றும் நேரங்களையும் அதற்கேற்ற தினசரித் திட்டத்தையும் கேளுங்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே அட்டவணை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மே மாதக் கடைசி நல்ல தேர்வு. கெல்ப் என்ற பெரிய கடற்பாசியின் அறுவடைக் காலம் அது. படகுகளில் வந்து இறங்கும் பாசியை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். இது நமக்காக நடப்பதல்ல, அவர்கள் பிழைப்பு. மற்றவர்கள் அறைக்குப் போய்த் தூங்கும் பகல்பொழுதில் அங்கே நில்லுங்கள். அனுமதி கேட்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் எடுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே படம் என்ற உங்கள் கவலை அங்கே தீர்ந்துவிடும்.

மலைச்சரிவுகளிலிருந்து கரையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். தூரத்தை அருகே காட்டும் 100-400 மி.மீ. போன்ற நீள லென்ஸும் முக்காலியும் கட்டாயம்.

இன்னொன்று. பயணத்தை இரண்டு நாள் நீட்டிக்க முடிந்தால், ஃபூச்சோ வழியாக ரயிலில் சுவான்சோ போங்கள். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் அது. அங்குள்ள கையுவான் புத்தக் கோயிலின் பின்பக்கம் பழைய சிவன் கோயில் தூண்கள் நிற்கின்றன. குழுவில் யாரும் வராவிட்டால் தனியாகவாவது போய்ப் பாருங்கள்.