டெபாசிட் கேட்டார், பாலிசி வந்தது!

கேள்வி: மிளகு விற்ற பணம் இரண்டு லட்சத்தை டெபாசிட் போடலாம் என்று என் அப்பா சேலத்தில் ஒரு வங்கிக்குப் போனார். "இதில் வருமானம் அதிகம்" என்று ஏதோ தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். போன வாரம் தபாலில் வந்திருப்பது ஆயுள் காப்பீட்டு பாலிசி. பத்து ஆண்டுகள் இதே தொகையைக் கட்ட வேண்டுமாம். பணம் திரும்புமா?
– ஏற்காடு வாசகர்

பதில்: திரும்பும். ஆனால் கடிதத்தை இன்றே எழுதுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை வேண்டாம் என்று திருப்பிவிடலாம். முன்பு பெரும்பாலான பாலிசிகளுக்கு 15 நாட்களாக இருந்த அவகாசத்தை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் இப்படி நீட்டியது. முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சிறு தொகை ஆகியவை போக மீதி வந்துவிடும்.

கடிதம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். வங்கிக்கு ஒரு நகல் போதும். "அடுத்த மாதம் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று கவுன்டரில் சொல்வார்கள். அந்த 30 நாள் தீரட்டும் என்பதுதான் அதன் பொருள். கடிதம் கொடுத்ததற்கு முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். பாலிசி வந்த உறையையும் தூக்கி எறிய வேண்டாம். எந்தத் தேதியில் வந்தது என்ற பேச்சு வந்தால் அதுதான் சாட்சி.

இன்னொன்று. பாலிசியோடு விண்ணப்பப் படிவத்தின் நகலும் இருக்கும். ஆண்டு வருமானம், தொழில், தொலைபேசி எண் இந்த மூன்றையும் பாருங்கள். மலையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருப்பவரின் வருமானம் பதினைந்து லட்சம் என்று எழுதியிருந்தாலோ, அப்பாவுடையதல்லாத கைபேசி எண் இருந்தாலோ, அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள். விற்றவருக்கு அதற்கான தேர்வும் சான்றும் இருக்க வேண்டும். அவர் பெயரும் குறியீட்டு எண்ணும் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால் ஆணையத்தின் 155255 எண்ணில் புகாரைப் பதியலாம். இதற்காக மலையிறங்க வேண்டியதில்லை. ஒரு மாதமாகியும் நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: நான் காப்பீட்டு முகவர். "முதல் பிரீமியத்தில் உங்கள் கமிஷனில் பாதியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் தருகிறார்" என்கிறார்கள். மறுத்தால் வியாபாரம் போகிறது. இந்தப் பக்கம் எப்போதும் வாங்குபவருக்காகவே பேசுகிறது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?
– அம்மாப்பேட்டை முகவர்

பதில்: நியாயமான கோபம். ஆணையத்தின் வேலை உங்களைப் பிடித்துத் தண்டிப்பது மட்டுமல்ல. பயிற்சி பெற்று, தேர்வெழுதி, ஒழுங்காகத் தொழில் செய்பவரைக் குறுக்குவழிக்காரரிடமிருந்து காப்பதும் அதில் அடக்கம். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 41-ஆம் பிரிவு, கமிஷனைப் பங்கு போட்டுக் கொடுப்பதைத் தடை செய்கிறது. வாங்குபவரும் குற்றவாளிதான் என்பது பலருக்குத் தெரியாது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். விண்ணப்பப் படிவத்திலேயே இது அச்சாகியிருக்கும். விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

கொலுசுக் கடையில் செய்கூலியைக் குறைக்கச் சொல்லிப் பழகிய ஊர் இது, கேட்கத்தான் செய்வார்கள். கமிஷன் எவ்வளவு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது உங்கள் நடத்தை விதியும்கூட. வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: பாதியைத் திருப்பித் தருகிறவர், நாளை மருத்துவமனையில் கிளெய்ம் சிக்கும்போது எதற்காக உங்கள் போனை எடுக்க வேண்டும்?

கேள்வி: "ஐதராபாத் காப்பீட்டு ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது, புதிதாக ஒன்று எடுத்தால் விடுவிப்போம்" என்று அழைப்பு வருகிறது. உண்மையா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகி

பதில்: பொய். ஆணையத்தின் தலைமையகம் ஐதராபாத்தில் இருப்பது மட்டும்தான் உண்மை. அது பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை. இணைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.