சீட்டை விட்டு எழும்போது கம்ப்யூட்டரை லாக் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: டீ குடிக்கப் போகும்போது மானிட்டரை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். அது போதாதா?

பதில்: போதாது. மானிட்டர் இருண்டிருந்தாலும் உள்ளே எல்லாம் திறந்தேதான் கிடக்கிறது. யாராவது அந்தப் பட்டனைத் திரும்ப அழுத்தினால் உங்கள் மெயில் அப்படியே கண்முன் நிற்கும். விண்டோஸில் இருப்பதிலேயே வேகமான வழி, விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'எல்' எழுத்தைத் தட்டுவது. ஒரு நொடி வேலை. நாற்காலியைப் பின்னால் தள்ளும் முன்பே இதைத் தட்டிவிடுங்கள். எழுந்து நின்ற பிறகு செய்யலாம் என்று வைத்தால் நிச்சயம் மறந்துபோகும்.

கேள்வி: லாக் ஆகிறது. ஆனால் எண்டர் தட்டினாலே பாஸ்வேர்டு கேட்காமல் திறந்துகொள்கிறது, சார்.

பதில்: உங்கள் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். முதலில் பாஸ்வேர்டு வையுங்கள், பிறகு பின் நம்பர். அதே பக்கத்தில், கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தால் மறுபடி சைன்-இன் கேட்க வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கும். அது 'நெவர்' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு விண்டோஸ் கீயும் எல்லும் சேர்ந்து வேலையே செய்வதில்லை. ஏன்?

பதில்: படிப்படியாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் விண்டோஸ் கீயோடு 'ஈ' தட்டுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் விண்டோஸ் கீ முடக்கப்பட்டிருக்கிறது. கேமிங் கீபோர்டுகளில் ஆட்டத்தின் நடுவே கை பட்டுவிடக் கூடாதென்று இதற்கென்றே ஒரு பூட்டு உண்டு. பல மாடல்களில் எஃப்என் கீயையும் விண்டோஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் அது விடுபடும்.

எக்ஸ்புளோரர் திறக்கிறது, லாக் மட்டும் ஆகவில்லை என்றால், நோட்பேடில் எல் எழுத்து விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் கீ போய்விட்டது. புதுக் கீபோர்டு வரும்வரை கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் திரையில் மேலே உள்ள 'லாக்'கைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் திரையிலும் 'லாக்' காணவில்லையா? அப்படியானால் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) 'டிஸேபிள் லாக் வொர்க்ஸ்டேஷன்' என்ற மதிப்பு 1 ஆகியிருக்கலாம்; 0 ஆக்கினால் சரியாகும். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் நீங்கள் கை வைக்காதீர்கள், ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தமிழில் டைப் அடிக்கும் வேலை. திரும்பி வந்து சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் தப்பு என்கிறது. லாக் செய்யவே பயமாக இருக்கிறது.

பதில்: பாஸ்வேர்டு மறக்கவில்லை, கீபோர்டு தமிழில் நிற்கிறது. சைன்-இன் திரையில் கீழே வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்றும் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும் பாருங்கள். எண்களாலான பின் நம்பர் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கேள்வி: நான் மறந்தாலும் தானாகவே லாக் ஆக வழி உண்டா, அண்ணா?

பதில்: இரண்டு வழி உண்டு, இரண்டையும் வையுங்கள். விண்டோஸ் 10-இல் 2017-இல் 'டைனமிக் லாக்' வந்தது. விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. உங்கள் ஃபோனை ப்ளூடூத்தில் இணைத்து, சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அதை டிக் செய்தால், ஃபோன் எல்லையைத் தாண்டிய ஒரு நிமிடம் போலக் கழித்துக் கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு நிமிடம் ஒருவர் உட்கார்ந்து பார்க்கத் தாராளமாகப் போதும் என்பதை மறக்காதீர்கள். ஃபோனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனால் பூட்டவே பூட்டாது. அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தாலும் சிக்னல் எட்டும், அப்போதும் பூட்டாது.

இரண்டாவது, ஸ்க்ரீன் சேவர் செட்டிங்ஸில் 3 நிமிடம் வைத்து, 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்க்ரீன்' என்பதை டிக் செய்வது. இவையெல்லாம் கை மறந்த நாளுக்கான காவல்தான். கையால் லாக் செய்வதை இதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேக்கில் எப்படி?

பதில்: கண்ட்ரோல், கமாண்ட், க்யூ. கண்ட்ரோல் சரியாக அழுந்தாவிட்டால் அது வெறும் கமாண்ட் க்யூ ஆகி, திறந்திருக்கும் ஆப்பை மூடிவிடும். அதனால் கண்ட்ரோலை முதலில் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அழுத்துங்கள். கைரேகை பட்டன் உள்ள மேக்புக்கில் அதை ஒரு முறை அழுத்தினாலே போதும். சிஸ்டம் செட்டிங்ஸில் லாக் ஸ்க்ரீன் பகுதிக்குப் போய், திரை அணைந்ததும் பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தை 'உடனே' என்று வையுங்கள்.

கேள்வி: லினக்ஸ் வகைகளான உபுண்டு, மிண்ட்டில்?

பதில்: உபுண்டுவில் சூப்பர் கீயும் (விண்டோஸ் கீயைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்) எல்லும். மிண்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எல்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது தூரத்தில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கிக்கொண்டு இருக்கும்போது, விண்டோஸ் எல் அழுத்தினால் எது பூட்டும்?

பதில்: உங்கள் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர்தான். தூரத்தில் உள்ளதை மட்டும் பூட்ட வேண்டுமானால் கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தி, அங்கே வரும் திரையில் 'லாக்'கைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: லாக் செய்தால் டவுன்லோடு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது, லாக் வேறு ஸ்லீப் வேறு. பூட்டியபின் திரை அணைவதாலும் ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால்தான் டவுன்லோடு நிற்கும். பெரிய ஃபைல் என்றால் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தைக் கூட்டிவிட்டு லாக் செய்யுங்கள். போகும் முன் கண்ட்ரோல் எஸ் தட்டிச் சேமியுங்கள். பூட்டிய திரையிலிருந்தே வேறொருவர் ரீஸ்டார்ட் கொடுக்க முடியும்.

கேள்வி: லேப்டாப் மூடியைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் அல்லவா?

பதில்: வழக்கமாக ஸ்லீப்புக்குப் போகும், திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். ஆனால் வெளி மானிட்டர் மாட்டி வேலை செய்வோர் பலர், மூடியைச் சாத்தினால் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி வைத்திருப்பார்கள். அப்போது மூடியைச் சாத்திவிட்டுப் போனாலும் பெரிய மானிட்டரில் எல்லாம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அப்படி மாற்றியிருந்தால் மூடியை நம்பாதீர்கள், விண்டோஸ் எல் தட்டிய பிறகு சாத்துங்கள்.