தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு விட்டமின் டி சொட்டு தேவையா?

விட்டமின் டி, எலும்பில் கல்சியம் சேர உதவும் சத்து. கல்லும் சீமெந்தும் குவிந்து கிடந்தாலும் மேசன் பாஸ் வராமல் சுவர் எழும்பாது, அப்படித்தான் இதுவும். குறைந்தால் எலும்பு மென்மையாகிக் கால் வளையலாம்.

தோலில் வெயில் பட்டால் உடம்பே இதைச் செய்துகொள்ளும். தாய்ப்பாலில் மிகக் குறைவு. நுவரெலியா போன்ற குளிரான மலைப்பக்கமோ பனிமூட்டம், போதாததற்குப் பிள்ளைக்குக் குல்லா, கம்பளி, காலுறை. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2008 முதல், பிறந்த சில நாட்களிலிருந்தே தினம் 400 அலகு (IU) விட்டமின் டி கொடுக்கச் சொல்கிறது. கொடுப்பதே நல்லது என்பேன். ஆனால் ஒரு சொட்டில் எவ்வளவு என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும், கூடினால் கெடுதல். கிளினிக்கில் டொக்டரிடம் போத்தலைக் காட்டி அளவு கேளுங்கள்.

சொட்டு கொடுப்பதால் தாய்ப்பால் தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. பாலை நிறுத்தவே வேண்டாம்.