காலாவதியான டொமைனை விழித்திருந்து நாமே பிடித்துவிட முடியுமா?

டாட் காம் என்று முடியும் ஒரு டொமைன், அதாவது இணையதளப் பெயர், காலாவதியாகிவிட்டது, அது விடுபடும் நாளில் கணினி முன் உட்கார்ந்து பதிவு செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் சீண்டாத பெயர் என்றால் மறுநாள் சாவகாசமாகவே வாங்கிக்கொள்ளலாம். நல்ல பெயரென்றால் கையால் பிடிக்க முடியாது. நீங்கள் தவிப்பதைப் பார்த்தால் நல்ல பெயர்தான் போலிருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் பறவைகளைப் பற்றிப் பல வருடங்களாக ஒரு தளத்தில் எழுதிவந்தார். திடீரென்று இறந்துபோனார். கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருடைய மின்னஞ்சலும் அதே டொமைனில்தான் இருந்தது. டொமைன் காலாவதியானதும் தளத்தோடு அதுவும் நின்றது. டொமைனைப் பதிவு செய்து தந்த பதிவு நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழை இணைத்து அவர் மனைவி எழுதினார். 'கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலிலிருந்து தொடர்புகொள்ளவும்' என்று பதில் வந்தது. செத்துப்போனவர் எங்கிருந்து மின்னஞ்சல் அனுப்புவார்? திரும்பத் திரும்ப எழுதியும் அதே வாசகம்தான் வந்தது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, விடுபட்ட பிறகாவது பிடிக்கலாம் என்று காத்திருந்தோம். டாட் காமில் கெடு முடிந்த அன்றே பெயர் விடுபடாது. பதிவு நிறுவனம் 45 நாள் வரை அதைக் கையில் வைத்திருக்கலாம். பல நிறுவனங்கள் அந்த இடைவெளியிலேயே ஏலம் விட்டுவிடுகின்றன. அப்படிப் போனால் பெயர் வெளியே வரவே வராது. நீக்கினால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம். பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அப்புறம் 5 நாள் 'பெண்டிங் டெலீட்', அதாவது நீக்கத்துக்காகக் காத்திருக்கும் நிலை. அந்த ஐந்து நாளில் உரிமையாளராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்படிப் பெயர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் முன்பதிவு செய்துவிட்டு, கடைசி நாளில் ஒரு டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். 'பெண்டிங் டெலீட்' என்ற வரி இருந்தது. மறுபடி புதுப்பித்தபோது அன்றைய தேதியோடு புதிய பதிவு, பதிவு நிறுவனத்தின் இடத்தில் வேறு பெயர். நடுவில் 'இந்தப் பெயர் கிடைக்கும்' என்று ஒரு கணம்கூடக் காட்டவில்லை. இப்படிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைனின் பதிவேட்டுக்கு நேரடியாகக் கட்டளைகளைக் கொட்டுகின்றன. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் பதிவு நிறுவனங்களுக்குத் தரும் ஓர் அங்கீகாரத்துக்கு இத்தனை இணைப்புகள்தான் என்று வரம்பு உண்டு. அதனால் சிலர் துணை நிறுவனங்களின் பெயரில் நூற்றுக்கணக்கான அங்கீகாரங்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடி, கூடையில் போட்டு, பணம் கட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பிடித்தது நான் முன்பதிவு செய்திருந்த நிறுவனம்தான். ஆனால் இன்னொருவரும் அங்கே முன்பதிவு செய்திருந்ததால் ஏலத்துக்குப் போனது. நான் ஏற்ற ஏற்ற எதிராளியும் ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. இப்போது நண்பரின் முகவரியில் சூதாட்ட விளம்பரங்கள் ஓடுகின்றன. அவர்களுக்குப் பறவையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். அவர் உழைப்பை மதித்துப் பல தளங்கள் கொடுத்திருந்த இணைப்புகள் இருக்கின்றனவே, தேடுபொறியில் மேலே வர அவை போதும்.

டொமைன் வியாபாரிகள் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். கெடு முடிந்த பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அது விதிப்படி சரிதான், எனக்கும் தெரியும். டொமைன் தகராறுகளுக்கான யுடிஆர்பி முறையீடும் வணிக முத்திரை உரிமை உள்ளவர்களுக்குத்தான் உதவும், எங்களைப் போன்றவர்களுக்கு அல்ல. விதிப்படி சரி என்பதால் எனக்கு வலிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் இன்றே ஹூயிஸில் பெயரின் நிலையைப் பாருங்கள். மீட்புக் காலத்தில் இருந்தால் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். மீட்புக் கட்டணத்தை நீங்களே கொடுத்தாலும் ஏலத்தைவிட மலிவாக முடிய வாய்ப்பு அதிகம். 'பெண்டிங் டெலீட்' வந்துவிட்டதென்றால் ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்று நிறுவனங்களில் முன்பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் பிடித்துக் கொடுத்தால்தான் பணம் கேட்பார்கள். பழைய கட்டுரைகள் மட்டும் போதுமென்றால் பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள். நண்பர் எழுதியதில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் எடுத்தோம்.