பூந்திக்கொட்டை: கேட்டவங்களுக்குப் பதில்

பெங்களூர் கெங்கேரியில் எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பூந்தி மரம் நிக்குது, சோப்பு மாதிரி நுரைக்கிற காய் தர்ற மரம். விதை போட்டு வளர்த்தவள் நான். தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: விதை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, முளைக்கலையே?
அப்படியே புதைச்சிருப்பீங்க. விதை கறுப்புக் கோலிக்குண்டு மாதிரி, ஓடு தண்ணியை உள்ளே விடாது. ஒட்டியிருக்கிற தோலைச் சுத்தமா எடுத்துட்டு, சிமெண்ட் படியில் ஒரு பக்கம் மட்டும் தேயுங்க. கறுப்பு விலகி வெளிர்நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திடணும். பருப்பு வரைக்கும் போனா அழுகிடும். வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, ஓரங்குல ஆழத்தில் ஊன்றுங்க. அப்புறமும் பொறுமை வேணும், வாரக்கணக்கா எடுக்கும். ஆணிவேர் சீக்கிரம் இறங்கும், நீளமான பையில் போடுங்க.

பால்கனித் தொட்டியில் வளருமா?
வேண்டாம். முப்பதடிக்கு மேல் போற மரம்.

எப்போ காய்க்கும்?
விதைக்கன்னுன்னா வருஷக்கணக்கில் காத்திருக்கணும். எங்க மரம் ஒன்பதாவது வருஷம் காய்ச்சது.

அல்சூரிலிருந்து: எங்க போர்வெல் தண்ணியில் சோப்பு திரிதிரியா நிக்குது. பூந்தி நுரைக்குமா?
நல்ல கேள்வி. கடினத் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோப்போட சேர்ந்து கரையாத கசடாகுது. பூந்தித் தோலில் இருக்கிற சப்போனின், அதாவது நுரைக்க வைக்கிற பொருள், அப்படித் திரியாது. நுரை சோப்பளவு பொங்காது, ஆனா அழுக்கு போகும். காரத்தன்மை இல்லாததால் பட்டுக்கும் கம்பளிக்கும் ரொம்ப நல்லது. கொட்டையை நீக்கிட்டு, தோல் ஏழெட்டை வெந்நீரில் ஊறவிட்டுப் பிசைஞ்சு வடிகட்டுங்க. மூணு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீங்க, புளிச்சுடும். கண்ணில் மட்டும் படக்கூடாது.

குழந்தைக்குத் தலை தேய்ச்சுவிடலாமா?
கண்ணை மூடவைக்க முடியும்னா மட்டும்.

ஜெயநகரிலிருந்து: இயற்கைப் பொருள்தானே, எதுக்குக் கண்ணு கண்ணுன்னு பயமுறுத்துறீங்க?
என் பொண்ணுக்கு ஆறு வயசில் ஒரு சொட்டு தெறிச்சது. ரெண்டு நாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாம இருட்டறையில் கிடந்தா. அதனால்தான் சொல்றேன்.

அவரே மறுபடி: எங்க பாட்டி காலமெல்லாம் தேய்ச்சாங்க.
உங்க பாட்டி கண்ணை இறுக மூடிக்கிட்டுத் தேய்ச்சிருப்பாங்க. சப்போனின் மீனோட செவுளைப் பாதிக்கிற பொருள். பூந்திக்காயை இடிச்சுக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கிற வழக்கமே உண்டு. பூந்தித் தண்ணியை மீன் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீங்க. இயற்கையா இருக்கிறதாலேயே எதுவும் சாதுவாகிடாது, எருக்கம்பாலும் இயற்கைதான்.

இன்னொருத்தர்: அப்போ சோப்பே மேலா?
அப்படிச் சொல்லவே இல்லை. நான் முப்பது வருஷமா பட்டுப்புடவைக்குப் பூந்திதான்.

கடையில் ‘ரீட்டா’ன்னு தர்றாங்க, அதேதானா?
அது பெரும்பாலும் இமயமலைப் பக்கத்து இனம், உருண்டையா தனிக்காயா இருக்கும். நம்மூருது பெரும்பாலும் மூணு மூணா ஒட்டியிருக்கும். ரெண்டும் வேலை செய்யும். சிக்பேட்டில் கன்னடத்தில் ‘அண்டுவாளா’ன்னு கேளுங்க.

விதை முளைக்கலை, என்ன பண்றது?
முதல் பதிலைப் படிங்க. படியில் தேய்க்கணும்.