படகின் தேக்கு நீச்சல் மேடையில் வார்னிஷ் உரிவது

மறுபடி வார்னிஷ் அடிக்காதீர்கள், இருப்பதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். படகின் பின்பக்க மேடையில் போன சீசனில் அடித்தது, அதைப் படகோடு பிணைக்கும் போல்ட்டைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்து, அடியில் மரம் கறுத்திருக்கிறது என்கிறீர்கள். இன்னொரு கோட் போட்டாலும் அதே இடத்தில்தான் கிளம்பும்.

காரணம் பெரும்பாலும் போல்ட் துளை. சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போயிருந்தால் துளை வழியே தண்ணீர் மரத்துக்குள் இறங்கும், வெயில் ஏறியதும் ஆவியாகி வெளியே வரப் பார்த்து வார்னிஷைத் தூக்கிவிடும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் வேறு. பூசுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிப்பே இருக்காது.

படகைக் கரையேற்றிய பிறகு ஒரு போல்ட்டைக் கழற்றி, துளையின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள்.

1. கெட்டியாக இருந்தால் வெறும் கறைதான். 80, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள். மிச்சக் கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் (கையுறை, கண்ணாடி கட்டாயம்), பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

2. நுனி புதைந்தால் உளுத்த பகுதியைப் பெரிதாகத் துளைத்து எடுத்து, கெட்டியாகக் கலந்த எபாக்ஸிப் பிசினால் நிரப்பி, இறுகியதும் புதுத் துளை போடுங்கள். விரற்கடைக்கு மேல் பரவியிருந்தால் அந்த மரப் பட்டியையே மாற்றுவது மேல்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது மரைன் சீலன்ட் தாராளமாக. மேடையை நான் பூசாமல் விட்டுவிடுவேன். சாம்பல் நிறமாகும், ஆனால் ஈரக்காலுக்கு வழுக்காது. பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், மென்மையான ரேகைகளை அரித்துவிடும்.

போல்ட்டைக் கழற்றியதும் படகின் பின்சுவர்த் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தால், அந்தச் சுவருக்குள் இருக்கும் மரம் நனைந்திருக்கிறது. மேடை வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஃபைபர்கிளாஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.